ஒத்தி வீட்டு வரி ரசீது

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். அதனால்தான் உள்ளே போனேன். உள்ளே போன பிறகும் அது குறையவில்லை என்பதுதான் வெட்கக்கேடு.

எங்கள் ஊர் தேவாரத்திலிருந்து தினமும் விடியலில் ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை மலைக்கு ஏற்றிப்போகும் ஜீப் ஒன்று வைத்திருந்தேன். என் ஜீப் என்பது பேச்சுக்குத்தான், பைனான்ஸில் எடுத்தது. ஒருநாள் ஸ்டாண்டில் யார் முதலில் ஆள் ஏற்றுவது என்று அடிதடி. விலக்கிவிடத்தான் போனேன். போன இடத்தில் ஒருவன் சட்டையைப் பிடித்தேன், பொய் சொல்லக்கூடாது. இன்னொருவனுக்கு மண்டை உடைந்தது. உடைத்தது நானில்லை. ஆனாலும் புகாரில் என் பெயரும் ஏறிவிட்டது. பதினைந்து நாள் ரிமாண்ட் என்றார்கள், அது முடிந்ததும் இன்னொரு பதினைந்து நாள்.

நான் குற்றவாளியா இல்லையா என்று கோர்ட் சொல்லும் வரைக்கும் பைனான்ஸ்காரன் காத்திருப்பானா? தவணை தவறியதும் ஜீப்பை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். மிச்சம் இருந்தது குடியிருந்த வீடுதான். அது ஒத்தி வீடு. இரண்டு லட்சம் கொடுத்து, மூன்று வருடம் கெடு எழுதி, வாடகையில்லாமல் இருந்தோம். காலி செய்யும்போது அந்தப் பணம் முழுசாகத் திரும்பி வரும். வீட்டுக்கார அக்கா பக்கத்திலேயே மளிகைக்கடை வைத்திருந்தார்.

மனைவி சிறைக்கு மனுப் போட்டுப் பார்க்க வந்தபோது சொன்னேன்: "அக்காட்ட ஒத்திப் பணத்தக் கேளு. வக்கீலுக்குக் குடுத்துட்டு மிச்சத்துல வண்டிய மீட்டுரு. புள்ளைகளக் கூட்டிக்கிட்டு உங்க ஆத்தா வீட்டுல போயி இரு."

அடுத்த வாரம் வாடிய முகத்தோடு வந்தாள். "முடியாதுன்னுட்டாகங்க. கெடு முடியட்டும், அப்பப் பாக்கலாம்னு சொன்னாக."

கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினேன். "உள்ள கெடக்குறவன் பணந்தானன்னு ஏப்பம் விடப் பாக்குதா அந்தப் பொம்பள? நான் வெளிய வரட்டும், மறுநாளே வீட்டக் காலி பண்ணி, சட்டிபானையத் தூக்கித் தெருவுல வைக்கிறேன்!" காவலர் வந்து அதட்டிய பிறகுதான் வாயை மூடினேன்.

ஒருவழியாக ஜாமீன் கிடைத்தது. ஆனால் சொந்த வீட்டு வரி ரசீதோடு இரண்டு பேர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் என் அண்ணன். இரண்டாவது ஆளுக்காக மனைவி ஏறி இறங்காத வாசல் இல்லை. என்னோடு உட்கார்ந்து கறிச்சோறு தின்ற மாமன் மச்சான் எல்லாரும் ரசீதைத் தேடிக்கொண்டே இருந்தார்கள். ஜாமீன் கிடைத்தும் ஒன்பது நாள் உள்ளேயே கிடந்தேன்.

பத்தாம் நாள் வெளியே வந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும், "ரெண்டாவது கையெழுத்து யாரு போட்டது?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"அக்காதான். நம்ம குடியிருக்குற வீட்டு ரசீதக் கொண்டாந்தாக. கடையப் பூட்டிப்போட்டுட்டு, காலையிலருந்து கோர்ட்டு வாசல்லயே நின்னாக."

ஐயோ, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. போடி ஊரைத் தாண்டும் வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கடைக்குத்தான் போனேன். அக்கா சீரகம் நிறுத்துக்கொண்டிருந்தார்.

"யக்கா..." என்றேன்.

"அந்தப் பணத்தக் குடுத்திருந்தா ரெண்டு நாள்ல கரைஞ்சிருக்கும், தம்பி. வீடும் போயிருக்கும். இருக்க எடமில்லாதவன நம்பி யாரு வெளிய விடுவாக? போலீசு வந்து எங்கன குடியிருக்கான்னு கேட்டாக. இங்கனதான்னு வீட்டத் தெறந்து காட்டினேன்" என்றார், தராசிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பிறகு நிமிர்ந்து பார்த்தார். "அது கெடக்கட்டும். சட்டிபானைய எப்பத் தூக்கித் தெருவுல வைக்கப் போற?"

திரும்பி மனைவியைப் பார்த்தேன். அவள் புளி வாங்க வந்தவள்போல மூட்டைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். பாவி, ஒரு சொல் விடாமல் ஒப்பித்திருக்கிறாள்! அத்தனையும் கேட்ட பிறகுதான் இந்த மனுஷி ரசீதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறார்.

"கெடு முடிய இன்னும் ஒரு வருசம் இருக்கு. அதுக்குள்ள காலி பண்ணுனா ஒத்திப் பணத்துல சல்லிக்காசு தரமாட்டேன், பாத்துக்க" என்றார் அக்கா.

கடைக்கு வந்தவர்கள் பார்க்கப் பார்க்க அழுதேன். வழக்கு இன்னும் நடக்கிறது. ஜீப் போனது போனதுதான், வாடகை ஆட்டோ ஓட்டுகிறேன். அந்தக் கெடு முடிந்து, மறு கெடுவும் எழுதியாகிவிட்டது. பேரூராட்சியில் அந்த வீட்டு வரியைக் கட்டி, ரசீதை அக்கா கையில் கொண்டுபோய்க் கொடுப்பது இப்போது நான்தான்.