நோயற்ற மந்தை

தியாகராய நகரில் நான் நடத்தும் கிளினிக்குக்கு வருகிற நாய்களில் பாதிக்கு உடம்பில் ஒன்றும் இருக்காது. தின்ற கொழுப்புதான். பிறந்தநாள் கேக்கை ஊட்டிவிட்டு, "டாக்டர், பேபி டல்லா இருக்கா" என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்தச் சலிப்பில்தான் அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்து மான்களைப் பரிசோதிக்க ஒப்புக்கொண்டேன். கால்நடை மருத்துவம் படித்ததற்கு ஒரு முறையாவது நாய் இல்லாத வேலை செய்யலாமே என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசையை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

பள்ளிக்கூடத்தை நடத்துவது ஒரு பழைய டிரஸ்ட். பின்பக்கம், தூங்குமூஞ்சி மரங்களுக்குக் கீழே, கம்பிவேலி போட்ட இடத்தில் கொஞ்சம் புள்ளிமான்கள். யாரோ பெரிய மனிதர் காலத்தில் வாங்கிய அனுமதி. அதைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் மான்களுக்குக் காசநோய் இல்லை என்று சான்றிதழ் வேண்டும். ஒரு மானுக்கு நல்லது, ஒரு மானுக்குக் கெட்டது என்று எழுத முடியாது. மந்தை முழுக்கச் சுத்தம், அல்லது மந்தை முழுக்கச் சந்தேகம். அதுதான் விதி. நிழல் போதுமா, தண்ணீர்த் தொட்டி ஆழமா என்று பார்க்க அதிகாரிகள் தனியாக வருவார்கள்.

டிரஸ்ட் செயலாளர் மயிலாப்பூர்க்காரர். ஓய்வு பெற்ற ஆடிட்டர். என்னை உட்காரவைத்து காபி கொடுத்து, "நம்மாத்துக் கொழந்தேளாட்டம்தான் டாக்டர் இதுகள வச்சிண்டிருக்கோம்" என்றார். மான் பக்கம் அவர் வந்து நான் பார்த்ததில்லை.

மான்களைப் பார்த்துக்கொண்டவர் வேறொருவர். ஐம்பது வயதிருக்கும். ஆற்றோரக் குடியிருப்பில் பிறந்து, அங்கிருந்தே நடந்து வேலைக்கு வந்துகொண்டிருந்தவர். குடியிருப்பை எடுத்தபோது அவர் குடும்பத்தைப் பெருங்குடிக்கும் அந்தப் பக்கம் லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். அங்கே நிழல் போதுமா என்று பார்க்க ஒரு அதிகாரியும் போகவில்லை. இப்போது இரண்டு பஸ் மாறி வருகிறார்.

காசநோய்ப் பரிசோதனைக்கு மானை இரண்டு தடவை பிடிக்க வேண்டும். முதல் தடவை கழுத்தில் முடியை மழித்துத் தோலுக்குள் மருந்தை ஏற்ற வேண்டும். மூன்றாம் நாள் மறுபடி பிடித்து, அந்த இடம் தடித்திருக்கிறதா என்று அளக்க வேண்டும், தடித்திருந்தால் நோய். மானைத் துரத்திப் பிடித்தால் பயத்திலேயே செத்துவிடும். வலை, ஆட்கள் என்று நான் பெரிய திட்டத்தோடு போயிருந்தேன். அவர் சிரித்தார்.

"வலையெல்லாம் இன்னாத்துக்கு டாக்டரம்மா? நான் புடிச்சிக்கிறேன், நீ குத்து."

வாழைப்பழத்தைத் தான் ஒரு கடி கடித்துவிட்டு மீதியை நீட்டினார். மான் தானாக வந்தது. கடிக்காத பழத்தை மான்கள் அவரிடம் வாங்குவதில்லையாம். குட்டியிலிருந்தே அப்படிப் பழக்கிவிட்டிருக்கிறார். ஒவ்வொன்றாகத் தோளோடு அணைத்துக்கொண்டார், நான் ஊசி போட்டேன். இடையில் அவருக்கு இருமல் வந்தது. மான் மிரளக்கூடாது என்று வாயை மூடி, நெஞ்சு குலுங்க, உள்ளேயே இருமினார்.

"இந்த இருமல் எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டேன்.

"அது கெடக்குது. ஊட்டாண்ட எப்பப் பார்த்தாலும் பொகை. குப்பமேடு எரிஞ்சிக்கினே கீது, இன்னா பண்றது?"

மூன்றாம் நாள் ஒரு பெட்டைமானின் கழுத்து தடித்திருந்தது. அளக்கவே தேவையில்லை, கையில் தெரிந்தது. அந்த மானைத் தனியாகக் கட்டச் சொன்னேன். அவரை அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சளி கொடுக்கச் சொன்னேன். மானுக்காக அழுதவர், தனக்கு என்றதும் தலையைச் சொறிந்தார். "ஒரு நாள் லீவு போட்டா சார் திட்டுவாரு" என்றார். நான்தான் செயலாளரிடம் பேசி அனுப்பிவைத்தேன். அவருக்கும் காசநோய் இருந்தது.

செயலாளருக்குக் கணக்கு ஒரு நொடியில் முடிந்துவிட்டது. "அப்போ இவன்தான் மானுக்குக் குடுத்திருக்கான்."

"மானிடமிருந்து இவருக்கும் வந்திருக்கலாம் சார். கொட்டகையைக் கழுவுகிறார், புழுக்கை அள்ளுகிறார், மத்தியானம் அதுகள் பக்கத்திலேயேதான் படுக்கிறார். எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போச்சுன்னு சொல்ல வேறு பரிசோதனை இருக்கு. அனுப்பட்டுமா?"

"எதுக்கு டாக்டர் அதெல்லாம்? சிக்கலாயிடும்."

சிக்கல் என்னவென்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மான்தான் கொடுத்தது என்று வந்தால், வேலை செய்த இடத்தில் வந்த நோய். வைத்தியத்துக்கும் சம்பளத்துக்கும் டிரஸ்ட் பதில் சொல்ல வேண்டும். மனிதன் கொடுத்தது என்றால் ஆளை வெளியே அனுப்பினால் போதும். அனுப்பினார்கள். இத்தனை வருஷம் வேலை பார்த்த மனிதரை வாட்ச்மேன் கேட்டுக்குள்ளேயே விடவில்லை. அந்தக் கேட்டில், "எல்லா உயிரிடத்தும் அன்பு செய்" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறது.

நான் சண்டை போட்டேன். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்துக் கொஞ்ச நாளிலேயே அவரால் யாருக்கும் தொற்றாது, அதுவரை சம்பளத்தோடு லீவு கொடுங்கள், அப்புறம் வேறு வேலை கொடுங்கள் என்று சொன்னேன். செயலாளர் கேட்டுவிட்டு இன்னொரு காபி வரவழைத்தார். அந்த மரியாதையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

தனியாகக் கட்டிய பெட்டைமானை என்ன செய்வது என்று வனத்துறையிடம் அனுமதி கேட்டு எழுதினோம். அது புள்ளிமான், நம் இஷ்டத்துக்கு ஒன்றும் செய்துவிட முடியாது. புதிதாக வந்த ஆள் நீட்டிய முழுப் பழத்தை அது தொடவே இல்லை. அனுமதி வருவதற்குள் செத்துவிட்டது. மிச்ச மான்களை இடைவெளி விட்டு மறுபடி பரிசோதித்தபோது, புது ஆளால் ஒன்றைக்கூட ஓட விடாமல் பிடிக்க முடியவில்லை. ஒரு கிடா வேலியில் மோதிக் கொம்பை உடைத்துக்கொண்டது. இருந்தாலும் கழுத்துகள் சுத்தமாக இருந்தன. நோயற்ற மந்தை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஆபீசில் மாட்டினார்கள்.

வெளியே அனுப்பப்பட்டவர் ஆறு மாதமும் மாத்திரையை விடாமல் சாப்பிட்டார். அவர் மனைவி திருவான்மியூரில் நாலு வீட்டில் சமையல் செய்து சமாளித்தார். நோய் விஷயம் தெரிந்து அதில் இரண்டு வீடு நின்றுபோனது. குணமாகிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்ததும், அதை எடுத்துக்கொண்டு நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போய் நின்றிருக்கிறார். செயலாளர் எனக்குப் போன் செய்தார். நல்ல செய்தியாக இருக்கும் என்று நம்பிப் போனேன்.

அந்த மனிதர் ஆபீஸ் வாசலில், உள்ளே வராமல், முகக்கவசத்தோடு நின்றுகொண்டிருந்தார். சட்டை தொளதொளத்தது.

"இவன் இல்லாம மான்கள மேய்க்க முடியல, வாஸ்தவம்தான்" என்றார் செயலாளர். "ஆனா இந்த ஆஸ்பத்திரிப் பேப்பர யார் டாக்டர் நம்பறா? நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுத்துடுங்கோ. சேத்துக்கறேன்."

"நான் மாட்டு டாக்டர் சார். மனுஷருக்கு எழுத எனக்கு உரிமை கிடையாது."

"மானுக்கு எழுதினேளே. அதே வியாதிதானே?"

பேனாவைச் செயலாளர் மேஜையில் வீசிவிட்டு எழுந்து போயிருப்பேன். வாசலில் நின்றவர் கூப்பிட்டார்.

"எழுதிக் குடு டாக்டரம்மா. ஒனக்கு இன்னா கொறஞ்சிடப் போவுது? என்னிய உள்ள வுட்டா போதும்."

எழுதினேன். இவர் சிகிச்சையை முடித்துவிட்டார் என்று அரசு மருத்துவர் சான்று அளித்திருக்கிறார், அதை நான் பார்த்தேன், இவரால் மான்களுக்கு ஆபத்து இல்லை. அவ்வளவுதான் எழுத முடிந்தது. மான்களால் இவருக்கு ஆபத்து இல்லை என்று எழுத எனக்குத் தைரியமும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. செயலாளர் அதைப் படிக்கக்கூட இல்லை. கால்நடை மருத்துவர் என்ற முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். துளை போட்டு, மான்களின் ஃபைலில் கோத்தார்.

"ஆச்சு" என்றார். "அடுத்த வருஷம் மான்களுக்கு ஊசி போடறச்சே, இவனுக்கும் சேத்து ஒண்ணு போட்டுப் பாத்துடுங்கோ டாக்டர்."

நான் வாயைத் திறப்பதற்குள் வாசலிலிருந்து குரல் வந்தது.

"அதுங்ககூடவே வந்து நின்னுக்கிறேன் சார்" என்றார். அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம்.