மூன்றாவது வரி

எங்கள் பள்ளி அலுவலகத்தில் மொத்தமே இரண்டு மேசைகள். ஜன்னலோரம் இருந்தது தலைமை எழுத்தருடையது. கதவோரம் இருந்தது, வருகிறவர் போகிறவர் எல்லாரும் இடித்துவிட்டுப் போவது, என்னுடையது. ஆறு வருஷம் அவர் எழுதிக் கொடுத்ததை நான் தட்டச்சு செய்தேன். அவரைப் பற்றி எழுத என்னைவிட யோக்கியமான ஆட்கள் உண்டு. ஆனால் நடந்தது முழுக்க எனக்குத்தான் தெரியும், அதனால் நானே எழுதித் தொலைக்கிறேன்.

ஆசிரியர்கள் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் முற்றுப்புள்ளி. விடுப்புக் கடிதத்தில் கடைசிப் புள்ளி விட்டுப்போயிருந்தால்கூட அதைத் தூக்கிக்கொண்டு போய் வகுப்பறை வாசலில் நிற்பார். கணக்கு டீச்சர் ஒருமுறை, காய்ச்சல் இன்னும் முடியவில்லை, அதனால்தான் புள்ளி வைக்கவில்லை என்று சொல்லிப் பார்த்தார். இவர் சிரிக்காமல் சிவப்புப் பேனாவை நீட்டினார். மதியம் சாப்பிடும்போது பக்கத்தில் செய்தித்தாளை விரித்துவைத்து அதையும் திருத்துவார். ஒரு கையில் சோறு, ஒரு கையில் பேனா. அவர் மனைவி ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தார். கல்யாணப் பத்திரிகையை இவர் திருத்தி அனுப்பியதால் இரண்டு வீட்டுக்காரர்கள் தங்களைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டதாக அந்த அம்மா என்னிடம் சொல்லியிருக்கிறார்.

நான் எதைத் தட்டச்சு செய்தாலும் அதை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முடிந்ததும் கண்ணைத் திறந்து கையெழுத்துப் போடுவார். மேடத்துக்குப் போகும் கடிதமானாலும் சரி, சுண்ணாம்பு அடிக்கிறவருக்குப் போகும் சீட்டானாலும் சரி, அதுதான் முறை. அவருக்கு இருந்த ஒரே பெருமை, வேலைக்கு வந்த இருபத்தாறு வருஷத்தில் தன் கையால் ஒரு பொய் எழுதியதில்லை என்பது. சொந்த மச்சான், தன் மகனின் பிறந்த தேதியை ஆறே மாதம் தள்ளிப் போடச் சொல்லிக் கெஞ்சியும் மறுத்துவிட்டார். மச்சான் அதோடு பேச்சை நிறுத்தியவர்தான். இவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஓவிய ஆசிரியரை எங்கள் எல்லாருக்கும் பிடிக்கும். நடைபாதைச் சுவர் முழுக்கப் பறவைகள் வரைந்தவர் அவர். தலைமை எழுத்தரின் இளைய மகள் எங்கள் பள்ளியில் படித்தபோது அவளை உட்காரவைத்து ஒரு படம் வரைந்து கொடுத்தார். அது அவர்கள் வீட்டுக் கூடத்தில் கடிகாரத்துக்குக் கீழே மாட்டியிருந்தது.

ஒரு புதன்கிழமை காலை, துணி தேய்க்கும் கடையில் வேலை செய்யும் ஒரு அம்மா என் மேசை முன்னால் வந்து நின்றார். கையில் நாலாக மடித்த தாள். என்ன என்று கேட்டதற்குத் தாளை இன்னும் இறுக்கிப் பிடித்தார். நான் ஜன்னலோர மேசையைக் காட்டினேன்.

தலைமை எழுத்தர் அதை வாங்கிப் படித்தார். அந்த அம்மாவின் மகள் ஆறாம் வகுப்பு. ஓவிய வகுப்பு முடிந்ததும் தூரிகை கழுவ என்று அவளை மட்டும் நிறுத்தி வைத்து, சாமான் வைக்கும் அறையின் கதவைச் சாத்திக்கொண்டு, ஓவிய ஆசிரியர் தப்பாகத் தொட்டிருக்கிறார். மூன்று முறை. பிள்ளை இப்போது வீட்டில் குளியலறைக் கதவைச் சாத்தவே பயப்படுகிறாள். இவ்வளவும் மூச்சுவிடாமல் ஒரே வாக்கியமாக எழுதியிருந்தது. பின்னால் அதைக் கோப்பில் வைக்கும்போது நானும் படித்தேன்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. நேராக மேடத்தின் அறைக்குப் போனார். மேடம் என்றால் எங்கள் தலைமையாசிரியை. நியாயத்துக்குச் சொல்ல வேண்டும், போலீசுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தலைமை எழுத்தர் சொன்னது கதவுக்கு வெளியே எனக்குக் கேட்டது. மேடம் தணிந்த குரலில் நிறையப் பேசினார். பிள்ளையின் பெயர் சந்தி சிரிக்கும், சேர்க்கை நேரம், பள்ளியின் பெயர் கெடும், ஆளை இன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிவிட்டால் போயிற்று. அந்த அம்மாவை உள்ளே உட்காரவைத்து இதையே சொன்னார்கள். சாயங்காலத்துக்குள் அந்த அம்மாவும் தலையாட்டிவிட்டார். ஓவிய ஆசிரியர் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். எல்லாரும் பெருமூச்சு விட்டோம். நானும்தான்.

மூன்றாம் நாள் அந்த ஆள் பணிச் சான்றிதழ் கேட்டு வந்தார். எங்கள் சான்றிதழில் மூன்று வரி இருக்கும். முதல் வரி, என்ன பதவி, எத்தனை வருஷம். இரண்டாவது, பார்த்த வேலை. மூன்றாவது, நடத்தை நன்று. கடிதத்தில் நலம், நலமறிய ஆவல் என்று எழுதுகிற மாதிரிதான் அந்த மூன்றாவது வரி. தோட்டக்காரர் முதல் துணைத் தலைமையாசிரியர் வரை எல்லாருக்கும் போட்டிருக்கிறோம். வழக்கம்போலக் கொடுத்துவிடுங்கள் என்றார் மேடம்.

தலைமை எழுத்தர் ஒரு மணி நேரம் எழுதாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு என்னிடம் நீட்டிய தாளில் இரண்டே வரிகள் இருந்தன.

"சார், மூணாவது வரி?"

"அது பொய்யி. எழுத மாட்டேன்."

"வாங்கிப் பாக்கறவங்களுக்கு எப்படி சார் புரியும்?"

"எல்லா ஆபீஸ்லயும் என்ன மாதிரி ஒருத்தன் இருப்பான் தம்பி. அந்த வரி ஏன் இல்லன்னு போன் பண்ணிக் கேப்பான். கேட்டா சொல்லிடலாம்."

என்ன மூளை இவருக்கு என்று நான் வாயைப் பிளந்தேன். இன்று நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. மேடத்தையும் எதிர்க்கவில்லை, பொய்யும் எழுதவில்லை, குழந்தைகளையும் காப்பாற்றியாயிற்று என்று இரண்டு பேரும் நம்பினோம். இன்னொன்றும் செய்தேன். மூன்றாவது வரி இருக்க வேண்டிய இடம் வெறுமனே இருந்தால் பார்க்க அசிங்கமாக இருக்குமே என்று கையெழுத்து இடத்தைக் கொஞ்சம் மேலே ஏற்றினேன். தாள் அழகாக வந்தது. உரக்கப் படித்தேன், அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மேடம் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். ஓவிய ஆசிரியர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு தொலைபேசி மணி அடித்தால் தலைமை எழுத்தர் முதலில் என் முகத்தைப் பார்ப்பார். இதற்காகவே அவர் காத்திருந்தார். ஆறு வாரம் கழித்து அந்த அழைப்பு வந்தது. அன்று பார்த்து மூத்த மகளின் பிரசவத்துக்காக அவர் விடுப்பில் இருந்தார்.

வேறொரு பள்ளியின் அலுவலகத்திலிருந்து பேசினார்கள். சான்றிதழ் நாங்கள் கொடுத்ததுதானா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். கையெழுத்து தலைமையாசிரியையுடையதுதானே என்றார்கள். அதற்கும் ஆமாம். போனை வைக்கப்போகும்போது பேசியவர் கேட்டார்.

"வேற ஒண்ணும் இல்லையே சார்?"

அறையில் என்னைத் தவிர ஆளே இல்லை. கதவு சாத்தியிருந்தது. யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. என் வேலையை நிரந்தரமாக்கும் கோப்பு மேடத்தின் மேசையில் கையெழுத்துக்குக் கிடந்தது, அவ்வளவுதான். என் மகளுக்கு அப்போது மூன்று வயது. அவளையும் நினைத்தேன், ஆனால் அவளுடைய பால் செலவாகத்தான் நினைத்தேன்.

"ஒண்ணும் இல்ல சார்," என்றேன்.

மறுநாள் தலைமை எழுத்தர் பேத்தி பிறந்த சந்தோஷத்தோடு வந்தார். அழைப்பு வந்ததைச் சொன்னேன். நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே என்ன கேட்டார்கள் என்றார். சான்றிதழ் நம்முடையதுதானா என்று கேட்டார்கள் என்றேன். வேறு ஏதாவது கேட்டார்களா என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை என்றேன். அவர் வெகுநேரம் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். நாமே கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். நான் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் கூப்பிடவில்லை. அந்த வாரமே எனக்கு நிரந்தர உத்தரவு வந்தது.

பத்து மாதம் கழித்து ஒரு மின் வேலைக்காரர் எங்கள் அலுவலகத்துக்குள் வந்தார். தோள் பையில் ஸ்க்ரூடிரைவர்கள் துருத்திக்கொண்டிருந்தன. மின்விசிறி பார்க்க வந்தவர் என்று நினைத்து மேலே கையைக் காட்டினேன். அவர் என்னைத் தாண்டிப் போய் ஜன்னலோர மேசையில் ஒரு நகலை வைத்தார். எங்கள் சான்றிதழ்.

அவர் சத்தம் போடவில்லை. தன் மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள் என்றார். அங்கேயும் தூரிகை கழுவத்தான் நிறுத்தி வைத்திருக்கிறார் அந்த ஆள். அந்தப் பள்ளியில் போய்ச் சண்டை போட்டபோது, நல்ல பள்ளி கொடுத்த சான்றிதழைப் பார்த்துத்தான் வேலை கொடுத்தோம் என்று இந்தத் தாளைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். இதற்கு முன்னால் அந்த ஆளைப் பற்றி உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டார்.

தலைமை எழுத்தர் தெரியும் என்றார். பிறகு, பாவி மனிதர், விளக்க ஆரம்பித்தார். எல்லாருக்கும் மூன்று வரி போடுவோம், இவருக்கு மூன்றாவது வரியைப் போடவில்லை, பாருங்கள் என்று விரலை வைத்துக் காட்டினார். காட்ட அங்கே ஒன்றும் இல்லை. என் வேலைப்பாட்டில் வெற்றிடம்கூடத் தெரியவில்லை.

"இல்லாத வரிய நான் எப்படி சார் படிக்கறது?" என்றார் மின் வேலைக்காரர்.

தலைமை எழுத்தர் விரலை எடுத்துக்கொண்டார்.

"அவங்க இங்க போன் பண்ணிக் கேட்டாங்களாம். வேற ஒண்ணும் இல்லையேன்னு. ஒண்ணும் இல்லன்னு சொல்லியிருக்கீங்க. யாரு சொன்னது?"

தலைமை எழுத்தர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். ஆறு வருஷத்தில் அப்படி அவர் என்னைப் பார்த்ததில்லை. கோபமாகப் பார்த்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். ஒரு தாளில் பிழை எங்கே என்று தேடிக் கண்டுபிடித்தவர் பார்ப்பதுபோல்தான் பார்த்தார். என் வேலை, என் வீடு, என் மகள் என்று மனசுக்குள் சப்பைக்கட்டு மட்டும் சரமாரியாக வந்தது.

"நான்தான்," என்றார் அவர்.

எழுந்து பீரோவைத் திறந்து, துணி தேய்க்கும் அம்மாவின் கடிதத்தை எடுத்து மின் வேலைக்காரரிடம் கொடுத்தார். அழித்துவிடச் சொல்லி மேடம் இரண்டு முறை சொல்லியும் அவர் அழிக்கவில்லை. மின் வேலைக்காரர் நின்றபடியே படித்தார். அந்த ஒரே மூச்சு வாக்கியத்தில் அங்கங்கே சிவப்பு மையில் புள்ளிகள் வைத்திருந்தது. அந்த அம்மா கண்ணெதிரே நின்றபோதும் கை பழக்கத்தில் வைத்திருக்கிறது.

"முழுசாத்தான் படிச்சிருக்கீங்க," என்றார் மின் வேலைக்காரர்.

தலைமை எழுத்தர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, போலீசுக்குத் தானும் கூட வருவதாகச் சொன்னார். இரண்டு பேரும் என் மேசையைத் தாண்டித்தான் போனார்கள். நான் எழுந்திருக்கவில்லை. அவர் கண்ணாடியை மறந்துவிட்டுப் போனது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

ஓவிய ஆசிரியரைப் பிடித்துவிட்டார்கள். மேடத்தின் மேலும் வழக்கு வந்தது. தலைமை எழுத்தரை இடைநீக்கம் செய்தார்கள். கண்ணாடியைக் கொடுக்க நான் அவர் வீட்டுக்குப் போனபோது கடிகாரத்துக்குக் கீழே சதுரமாக வெளுத்த சுவர் மட்டும் இருந்தது. அவர் மனைவி எனக்குத் தண்ணீர் கொடுத்தார். உங்கள் சார் என்னிடம்கூட இதைச் சொல்லவில்லை, எங்கள் பெண்ணை அவன் முன்னால் உட்காரவைத்தோமே என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவளிடம் கேட்டீர்களா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

விசாரணைக் குழு தலைமை எழுத்தரின் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து தரச் சொன்னது. அவர் நாலு பக்கம் கையால் எழுதி அலுவலகத்துக்கு எடுத்துவந்து என் மேசையில் வைத்தார். ஜன்னலோர நாற்காலியில் உட்காரவில்லை. வெளியாட்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். மூன்றாம் பக்கத்தில் தொலைபேசி பற்றிய வரி வந்தபோது என் கை நின்றது.

"சார், இது..."

"மூணாவது வரிய விட்டது நான். அப்பறம் யாரு பேசினா என்ன? அடி."

அடித்தேன். இருபத்தாறு வருஷத்தில் அந்தக் கை எழுதிய முதல் பொய்யை, எனக்காக எழுதிய பொய்யை, ஒரு பிழை இல்லாமல் தட்டச்சு செய்தேன். முடிந்ததும் வழக்கம்போலப் படிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். படித்தேன். மூன்றாம் பக்கத்தில் நிறுத்திவிட்டேன். படி என்றார்.

"தொலைபேசியில் வேறு ஒன்றும் இல்லை என்று பதில் சொன்னவன் நானே."

என் குரலில், என் வாயால், அதை அந்த ஒரு தடவைதான் சொன்னேன். கேட்டவர் அவர் ஒருவர்தான். கண்ணைத் திறந்தார், பேனாவை வாங்கினார், என் பக்கம் பார்க்காமல் தன் பெயரைக் கையெழுத்திட்டார்.