பல் டாக்டர் வாசலில் கோரைப்புல்

புல்லக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது வங்கிப் புத்தகத்தில் மட்டும் குடியிருக்கிறது. எந்தக் கடையிலும் விற்காத செடியாகத் தேடிக் கொண்டுவந்து நடுகிறவளை எப்படிக் கூப்பிடுவது என்று தெருவே கூடி முடிவு செய்துவிட்டது.

தையல்கடையில் துணி வெட்டிக்கொண்டிருந்தவள் அவள். எங்கே மடித்தால் துணி எப்படி விழும் என்று கண்ணாலேயே சொல்வாள். அதே கண்ணை மண் பக்கம் திருப்பினாள், அவ்வளவுதான் கதை. ரயில் பாதை ஓரத்திலும் காலி மனையிலும் கேட்பாரற்று வளர்கிற தும்பை, ஆவாரை, நொச்சி, கோரை, இதெல்லாம்தான் அவள் சரக்கு. குட்டையை முன்னால், நெட்டையைப் பின்னால் நிறுத்துவது பள்ளிக்கூடப் போட்டோவுக்குத்தான் சரி என்பாள். கோரையை முன்னால் திரை மாதிரி விட்டு, அதன் இடுக்கில் பூவைக் காட்டுவாள். நாலு பேரை எட்டிப் பார்க்க வைப்பதில் அவளுக்கு ஒரு திருட்டுச் சந்தோஷம்.

அதுவரை அவள் தோட்டம் போட்டதெல்லாம் தன் வீட்டிலும் தங்கச்சி வீட்டு மாடியிலும்தான். சொந்தக்காரர்கள் பாராட்டு செல்லாது. சோறு போட்டால் அவர்கள் எதையும் பாராட்டுவார்கள். வெளியாள் நம்பிக் கொடுத்த முதல் இடம், பல் டாக்டரம்மாவின் வாசல்.

“எனக்குப் பிடிக்கலேன்னா அள்ளிப் போட்டுட்டு வழக்கமான புல்தரைதான் போடுவேன். இப்பவே சொல்லிட்டேன்” என்றார் டாக்டர்.

“சரிங்க டாக்டர்” என்றாள் புல்லக்கா.

முதல் வேலையாக ஒரு ஸ்டூலைப் போட்டு வாசலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். பல்வலிக்காரன் உட்கார மாட்டான். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடையாய் நடப்பான். அப்படி நடந்து நடந்து தேய்ந்த தடத்தையே பாதையாக்கினாள். ரப்பர் குழாயைத் தரையில் போட்டு வளைவு பார்த்து, இரண்டு பக்கமும் கோரை நட்டு, உள்ளே தும்பை வைத்தாள்.

டாக்டர் வெளியூர் போயிருந்தார். திரும்பி வருவதற்கு முந்தின நாள், புல்லக்கா கடைசி நொச்சிக் கன்றுகளை எடுக்கப் போனாள். அவள் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். அன்று அவருக்கு லீவு. பெண்டாட்டிக்கு ஒத்தாசை செய்யலாம் என்று அவருக்கு ஒரு நல்ல எண்ணம் வந்தது. கெட்ட எண்ணமாக இருந்திருந்தால்கூட இவ்வளவு சேதம் ஆகியிருக்காது.

அவள் திரும்பி வந்தபோது பாதை ஓரம் வழித்துவிட்டதுபோல் இருந்தது. சுவரோரமாக உயரவாரியாகக் கட்டி அடுக்கிய புல்லும் தும்பையும்.

“என்னங்க இது?”

“களை. டிக்கெட் இல்லாம நின்னுச்சு, எல்லாத்தையும் இறக்கி விட்டுட்டேன். இடுப்பு விட்டுப்போச்சு.”

“அதெல்லாம் நான் நட்டதுங்க.”

“எல்லாமேவா?”

“அதோ, அது ஒண்ணத் தவிர.” தன்னந்தனியாக, புதிதாகத் தண்ணீர் ஊற்றப்பட்டு, ஜம்மென்று நின்ற பார்த்தீனியத்தைக் காட்டினாள். “அங்க இருந்த ஒரே களை அதுதான்.”

“பூ விட்டிருந்துச்சே” என்றார் கண்டக்டர், சுருதி இறங்கி. “பாஸ் வச்சிருக்கும்னு நெனச்சேன்.”

புல்லக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். அழலாம் என்றுதான் வாயைத் திறந்தாள், சிரிப்பு வந்துவிட்டது. பிறகு துணி வெட்டும் கத்தரியை எடுத்து, வேர் பிழைக்கட்டும் என்று புல்லைச் சாண் உயரத்துக்கு வெட்டினாள். அவர் குழி தோண்டினார், பஸ் ஸீட் வரிசை மாதிரி.

“கொஞ்சம் வளைங்க.”

“நேராப் போனாத்தானேடி சீக்கிரம் போய்ச் சேரலாம்?”

“யாரும் எங்கயும் போய்ச் சேரல. பல்லு வலிக்குது, சும்மா நடக்கறாங்க.”

மறுநாள் டாக்டர் வந்து பார்த்தார். “என்னம்மா, தோட்டத்துக்கு கிராப் வெட்டி விட்டிருக்கீங்க?”

புருஷனைக் காட்டிக் கொடுக்க நல்ல சந்தர்ப்பம். புல்லக்கா விட்டுவிட்டாள். “ஒரு தப்பு நடந்துபோச்சு டாக்டர். துளுத்துரும்.”

“மாசக் கடைசியில புல்தரைக்காரரை வரச் சொல்லியிருக்கேன். அதுக்குள்ள துளுக்கட்டும்.”

அதன்பிறகு கண்டக்டர் விடிகாலையில் முதல் டிரிப்புக்கு முன் அங்கே போய்த் தண்ணீர் ஊற்றினார். “ம், மேல ஏறு, மேல ஏறு, எடம் இருக்கு” என்று புல்லை அதட்டினார். ஆஸ்பத்திரிக் காவல்காரருக்கு அவர்மேல் கொஞ்சம் பயம் வந்தது. சில தூர்கள் செத்தன. மற்றவை முழங்கால் உயரத்துக்கு வந்தன. உள்ளே தும்பை வெள்ளை வெள்ளையாகப் பூத்தது.

மாசக் கடைசியில் புல்தரைக்காரர் சுருள் சுருளாகப் புல்லை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். டாக்டரும் அவரும் கேட்டில் நின்றார்கள். புல்லக்கா தொட்டி ஓரத்தில் நின்றாள்.

பாதையில் ஒரு லாரி மெக்கானிக், கன்னம் வீங்கி, பல் பிடுங்கக் காத்திருந்தார். உள்ளேயிருந்து நர்ஸ் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்து வெளியே வந்தாள்.

“அண்ணே, உங்களத்தான்.”

அவர் குனிந்து, கன்னத்திலிருந்த கையை எடுத்துக் கோரையை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். “இரும்மா. பட்டாம்பூச்சி ஒண்ணு தேன் குடிக்குது. அது முடிச்சிட்டுப் போகட்டும், வரேன்.”

டாக்டர் அந்தக் கையையே பார்த்தார்.

“வழக்கமா ஊசி போட்ட அப்புறம்தான் கன்னத்துலேர்ந்து அந்தக் கை இறங்கும்” என்றவர், புல்தரைக்காரர் பக்கம் திரும்பினார். “நீங்க வண்டியத் திருப்புங்க. வீணா அலைய விட்டுட்டேன், மன்னிச்சுக்குங்க.”

அன்று மாலை கண்டக்டரின் பஸ் பல் ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் நின்றது. ஏற ஆளில்லை, இறங்கவும் ஆளில்லை.

“எல்லாரும் இடது பக்கம் பாருங்க” என்றார் கண்டக்டர். “எங்க வீட்டம்மா போட்ட தோட்டம்.”

டிரைவர் கண்ணாடி வழியாகப் பார்த்து முறைத்தார். “விசில் ஊதுய்யா.”

“ஊதறேன், ஊதறேன். அந்தப் பக்கத்து ஸீட்காரங்க இன்னும் பாக்கலியே.”