மீட்டர்காரரின் இடது கை

எங்கள் பெண்டிகோ ஊருக்கு ஒரு வியாதி உண்டு. வெளியில் யாராவது பேர் வாங்கிவிட்டால் போதும், அவர் எங்கள் ஆஸ்பத்திரியில் பிறந்தாரா, எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷமாவது பெஞ்சைத் தேய்த்தாரா என்று தோண்டித் துருவி, ‘நம்ம ஊர் ஆள்’ என்று சொந்தம் கொண்டாடிவிடுவோம். பூங்கா ஓரத்து நடைபாதையில் அப்படிப்பட்டவர்களுக்கு வரிசையாகப் பித்தளைத் தகடு பதித்திருக்கிறோம். பாடகர் ஒருவர், ஓட்டக்காரர்கள் இருவர், விஞ்ஞானி ஒருவர். அம்மாவைப் பார்க்க வந்த இடத்தில் காய்ச்சல் கண்டு மூன்று வாரம் தங்கிப்போன நடிகைக்குக்கூட ஒரு தகடு இருக்கிறது. பேர் வாங்காத நாங்கள் அவற்றை மிதிக்காமல் சுற்றிப் போகிறோம்.

டெஸ் பாஸ்கோவும் சுற்றிப் போகிறவர்தான். வயது எழுபத்து மூன்று. முப்பத்தொரு வருஷம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரில் எண் பார்த்து எழுதினவர். எந்த வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது, எந்த வீட்டில் புருஷன் கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டான் என்பதெல்லாம் அந்த எண்ணைப் பார்த்தாலே அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததை வெளியே சொல்ல மாட்டார். அந்த ஒரு தடவையைத் தவிர.

மார்ச் மாதம் ஒரு நாள் தகட்டுக் கமிட்டி செயலாளர் வாரன் பென்னா, கேக் பெட்டியோடு வந்து டெஸ் வீட்டுச் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார்.

“டெஸ், நம்ம டேனிகா ஹோக்கிங்குக்குத் தகடு வைக்கிறோம்ல, துணியை யாரு இழுக்கணும்னு கேட்டேன். மேயர் வேணாமாம். மந்திரியும் வேணாமாம். நீங்கதான் வேணுமாம்.”

“எந்த டெஸ்?”

“தண்ணி மீட்டர் டெஸ். ஊர்ல எத்தனை பேரு இருக்கீங்க?”

டேனிகாவைத் தெரியாதவர்கள் எங்கள் ஊரில் கிடையாது. நாட்டுக்காக ஆடுகிற சுழல்பந்துக்காரி. இடது கை. எதிரணிப் பெண்கள் அவள் பந்தைப் பார்த்து முழிப்பதை டிவியில் பார்த்து ஊரே சிரித்திருக்கிறது. டெஸ் மட்டும் சேனலை மாற்றிவிடுவார். கிரிக்கெட் பிடிக்காது என்பார்.

“வறட்சிக் காலத்துல கார்செட் தெருவுக்கு மீட்டர் பார்க்க வந்தது யாருன்னு விசாரிச்சா. பழைய டியூட்டி பட்டியலைப் புரட்டினேன். அது உங்க தெரு. அந்த மீட்டர்காரர் மட்டும் இல்லேன்னா நான் இன்னிக்குக் கடையில பில்லு போட்டுட்டு இருப்பேங்கிறா.” வாரன் கண்ணடித்தார். “அப்படி என்னய்யா பண்ணினீங்க?”

டெஸ் திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல உட்கார்ந்திருந்தார். அவர் பண்ணியது அவருக்குத் தெரியும்.

பதினேழு வருஷத்துக்கு முந்தைய கதை அது. ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. தோட்டத்தில் ஹோஸ் பிடித்தால் குற்றம். குளிக்கும்போது காலடியில் வாளி வைத்துச் சேர்த்த தண்ணீரைத்தான் டெஸ் தன் எலுமிச்சை மரத்துக்கு ஊற்றினார். அப்படியும் மரம் பட்டுப்போனது. அதே வாரம் கார்செட் தெருவில் ஹோக்கிங் வீட்டு மீட்டரில் வழக்கத்தைப் போல மூன்று மடங்கு ஓடியிருந்தது. எண்ணை எழுதிக்கொண்டு போயிருக்கலாம். அவர் வேலியைப் பிடித்து எக்கிப் பார்த்தார். பின்கட்டில் பாய் விரித்த மாதிரி நீளமாய் ஒரு பிட்ச், உருளை போட்டு, ஈரத்தோடு. பதினொரு வயதுப் பெண் ஒருத்தி அதில் ஒற்றை ஸ்டம்பைப் பார்த்துப் பந்து வீசிக்கொண்டிருந்தாள். டெஸ்ஸுக்கு வயிறு எரிந்தது. குறிப்புப் பகுதியில் சிவப்புப் பேனாவால் எழுதினார்: ‘இரவில் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள்.’

அப்படி எழுதினால் குழாயின் கழுத்தில் சின்னத் துளை போட்ட ஒரு சில்லை மாட்டிவிடுவார்கள். அதன்பின் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். எங்கள் ஊரில் ஆட்டைத் திருடினவனோடு உட்கார்ந்து பியர் குடிப்போம். காட்டிக்கொடுத்தவனோடு குடிக்க மாட்டோம். அதுவும் ஒரு குழந்தையைக் காட்டிக்கொடுத்தவனை என்ன செய்வோம் என்று டெஸ்ஸுக்கு நன்றாகவே தெரியும். ஆகவே பெண்டாட்டி நோலாவிடம்கூட அதைச் சொன்னதில்லை.

அப்படியிருக்க, இந்தப் பெண் எதற்குக் கூப்பிடுகிறாள்? விஷயம் தெரிந்து, ஊர் முன்னால் நிறுத்தி மானத்தை வாங்கவா? இல்லை, வேறு எதையோ நினைத்துக்கொண்டிருக்கிறாளா?

அடுத்த வாரம் அவளே கடிதம் எழுதியிருந்தாள். நோலா சத்தமாகப் படித்தாள். அதில் இருந்தது இதுதான்: பெரிய தொப்பி, கறுப்புக் கண்ணாடி, வெயிலுக்காக மூக்கில் வெள்ளைக் களிம்பு. மீட்டர்காரர் கேட்டைத் திறந்து உள்ளே வந்தார். டேனிகா பயந்து பிட்சின் மேலேயே நின்றுவிட்டாள். அவர் குனிந்து பிட்சைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, இன்னும் உருட்டணும் என்றார். பிறகு புத்தகத்தில் எழுதிக்கொண்டே, ‘மண்ணுக்கடியில குழாய் கசிஞ்சிருக்கு. சரி பண்ணியாச்சுன்னு எழுதிட்டேன். அம்மாகிட்டச் சொல்லிடு’ என்றார். சில்லு வரவில்லை. பிட்ச் பிழைத்தது.

நோலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இவ்வளவு நல்ல காரியம் பண்ணிட்டு ஏண்டா சொல்லலை?”

“எனக்கு அப்படி எதுவும் ஞாபகமில்ல.”

“உனக்கு எதுதான் ஞாபகமிருக்கு? போன வாரம் மூக்குக்கண்ணாடிய ஃப்ரிட்ஜில வெண்ணெய் பக்கத்துல வெச்சே.”

அவள் சொன்னது பொய்யில்லை. ஒரு வருஷமாக டெஸ்ஸுக்கு மறதி. பல்மருத்துவர் பெயர் மறக்கிறது, காரை நிறுத்தின இடம் மறக்கிறது. அதுதான் அவரைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது. சிவப்புப் பேனா ஞாபகமிருக்கிறது. ஆனால் எழுதின பிறகு மனசு உறுத்தி, மறுநாள் திரும்பிப் போய்த் திருத்தியிருப்பேனோ? கெட்டது மட்டும் நினைவில் தங்கி நல்லது கரைந்துபோயிருக்குமோ? கார்செட் தெருவுக்கு நடந்தே போய் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார். அங்கே இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள். பின்கட்டில் நீச்சல்குளம் இருக்கிறது. கட்டைவிரலைத் தரையில் அழுத்திப் பார்த்தார். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. ஒரு நாய்தான் வந்து குரைத்தது.

உண்மையைச் சொன்னால், கடிதச் சேதி ஊரில் பரவின நான்காம் நாளிலிருந்து பாதி நம்ப ஆரம்பித்துவிட்டார். ரொட்டிக்கடையில் காசு வாங்க மறுத்தார்கள். தெருவில் கை குலுக்கினார்கள். ஊர் முழுக்க ஒருவனை நல்லவன் என்று சொல்லும்போது, இல்லை என்று அவனே மல்லுக்கு நிற்க எவ்வளவு நாள் முடியும்?

விழா சனிக்கிழமை காலை. நடைபாதை ஓரத்தில் அடுப்பு மூட்டி, ரொட்டியில் சாசேஜும் வதக்கின வெங்காயமும் வைத்துக் கொடுத்தார்கள். அடுப்படியில் நின்றது பெவ் ட்ரெம்பாத். டெஸ்ஸோடு மீட்டர் பார்த்த கெவ் ட்ரெம்பாத்தின் மனைவி. கெவ் போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறது. அதுவரை கெவ்வும் டெஸ்ஸும் தினமும் இதே பூங்காவில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இறைச்சி அப்பம் தின்றவர்கள்.

டேனிகா உயரமாக இருந்தாள். டெஸ்ஸைப் பார்த்ததும் கட்டிக்கொண்டாள். “நீங்க குள்ளமா ஆயிட்டீங்களா, நான் வளந்துட்டேனா?”

“ரெண்டும்தான் இருக்கும்,” என்றார் டெஸ்.

துணியை இழுக்கும் முன் விருந்தினர் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று வாரன் பேனாவை நீட்டினார். டெஸ் வாங்கிப் போட்டார். நிமிர்ந்தபோது டேனிகா அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க… இடது கையாலதானே எழுதினீங்க?”

“என்னம்மா?”

“அன்னிக்கு. நானும் இடது கை. ஸ்கூல்ல எல்லாரும் கேலி பண்ணுவாங்க. ஒரு பெரியவரு அப்படி எழுதி நான் பார்த்தது அதான் முதல் தடவை. முகம்கூட மறந்துடுச்சு. அந்தக் கை மறக்கல.”

டெஸ்ஸின் மண்டையில் பதினேழு வருஷம் சட்டென்று நேராயிற்று. எண் அதிகமாக இருந்தால், சரிபார்க்க ஆபீஸிலிருந்து வேறு ஆளை அனுப்புவார்கள். சனிக்கிழமைகளில் கிரிக்கெட் அம்பயராக நின்றவன், பிட்சைக் கண்டால் அழுத்திப் பார்க்காமல் போகாதவன், புத்தகத்தை மார்போடு வளைத்துப் பிடித்து இடது கையால் எழுதுகிறவன், தொப்பியும் கண்ணாடியும் களிம்பும் போட்டால் டெஸ்ஸிலிருந்து வித்தியாசம் தெரியாதவன் ஒருத்தன் இருந்தானே.

வாரன் அவசரமாகச் சிரித்தார். “வயசாச்சுல்ல, தோள்வலி. கை மாத்தியிருப்பாரு. இல்லையா டெஸ்?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நோலா முதல் வரிசையில் புது உடுப்பில் உட்கார்ந்திருந்தாள். அதைச் சொல்லிவிடலாம் என்றுதான் டெஸ் வாயைத் திறந்தார்.

“இல்ல,” என்றார். “அது நானில்லம்மா. அது கெவ் ட்ரெம்பாத். உங்க வீட்டைக் காட்டிக்கொடுத்ததுதான் நான். வேலிக்கு மேல எட்டிப் பார்த்தேன். நீ பந்து போட்டுட்டு இருந்தே. பார்த்துட்டுத்தான் எழுதினேன்.”

மைக் அணைந்திருக்கவில்லை. கூட்டத்தில் எவனோ மெல்வதை நிறுத்தினான். நோலா புருஷனை யாரோ அயலானைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். டேனிகா கோபப்படுவதா வேண்டாமா என்றே தெரியாமல் நின்றாள். அப்புறம், “அவரு எங்கே?” என்று மட்டும் கேட்டாள்.

அடுப்படியிலிருந்து பெவ் இடுக்கியோடு வந்தாள். டெஸ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“பெவ், சத்தியமா எனக்கு இப்பதான் தெரியும். அவன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.”

“எங்கிட்டச் சொன்னாரு. அன்னிக்கு ராத்திரியே.” பெவ் இடுக்கியை ஏப்ரனில் துடைத்தாள். “டெஸ்கிட்ட மூச்சு விடாதேன்னாரு. தெரிஞ்சா வெட்கத்துல நாளைக்கு அவன் என்கூடச் சாப்பிட வர மாட்டான், தனியா உக்காந்து தின்பான்னாரு.”

அதற்கப்புறம் பதின்மூன்று வருஷம். சிவப்பு எழுத்தைக் கண்ணால் பார்த்தவன், தினமும் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பத்தில் பாதியைப் பிட்டுக் கொடுத்துத் தின்றிருக்கிறான்.

டேனிகா துணியின் நுனியை எடுத்து பெவ்வின் கையில் கொடுத்தாள். டெஸ் எங்கே நிற்பதென்று தெரியாமல் கூட்டத்தை விட்டு நடந்து, அந்தப் பழைய பெஞ்சில் தான் வழக்கமாக உட்காரும் ஓரத்தில் உட்கார்ந்து அழுதார்.