சடைச்சாமி இருந்தாரா?

கோயில் விழா மலர் தயாரிக்கும் தொழிலில் தாளையும் மையையும்விட வேகமாகத் தீர்ந்துபோவது நம் பொறுமைதான். கோயிலுக்கோ சங்கத்துக்கோ பள்ளிக்கோ 'வரலாறு' எழுதிக் கொடுத்து வதைபட்டவர்களே, இது உங்களுக்குத்தான். மலேசியாவின் மாசாயில் அச்சுக்கடை வைத்துப் பன்னிரண்டு வருடமாக இந்த வேலை செய்கிறேன். செடெனாக் பக்கம் ஒரு தோட்டத்துக் கோயிலின் கும்பாபிஷேக மலரை ஒப்புக்கொண்டபோது பட்டது இன்னும் ஆறவில்லை.

பிறந்த தேதி

கோயிலை நிறுவியவர் சடைச்சாமி என்று செயலாளர் குணா ஒரு தாள் கொண்டுவந்தார். சாமி காசியில் பிறந்தாராம், கடல்மேல் நடந்து மலாயா வந்தாராம், புலிமேல் ஏறி ரப்பர் காட்டுக்குள் போனாராம். யார் சொன்னது என்று கேட்டேன். பெரியவங்க என்றார். எந்தப் பெரியவங்க? எல்லாரும்தான் என்றார். பிறந்த தேதியும் நேரமும் காலியாக இருந்தன. "நீங்களே பாத்து ஒண்ணு போட்டுடுங்கக்கா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. தேதி போட முடியாது, 'இங்கு வாழ்ந்ததாக நம்பப்படுகிறது' என்று வேண்டுமானால் போடுகிறேன் என்று தாளில் எழுதிக் காட்டினேன். அவர் என் பேனாவை வாங்கி, கடைசிச் சொல்லைத் தாள் கிழியும்படி அடித்தார். "நம்பப்படுகிறதுன்னு போட்டா யாரும் நம்ப மாட்டாங்கக்கா."

படம்

கோயில் ஸ்டோரில் கிடந்தது என்று சாமியின் பழைய படம் ஒன்றையும் குணா கொடுத்தார். தாடிக்காரர், வெற்று மார்பு. அவர் தோள்பக்கம் யாருடைய கையோ தெரிந்தது. சாமிக்குப் பக்கத்தில் அது எதற்கு என்று நானே வெட்டிவிட்டு அழைப்பிதழில் போட்டேன். வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் போனது.

மூன்றாம் நாள் பவானி என்ற பெண் மோட்டாரை என் கடை வாசலில் நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். பாசிர் கூடாங்கில் ஃபேக்டரி வேலை. "இது எங்க அப்பா. தோட்டத்துல லோரி ஓட்டுனவரு" என்று கைப்பேசியை நீட்டினாள். அதே படம், முழுசாக. பக்கத்தில் ஒல்லியாக ஒரு பெண், ஒரு கையில் மாவுக்கட்டு. நான் வெட்டியது அவளுடைய மற்றொரு கை. பவானி கத்தவில்லை. "எங்கம்மாவோட ஒரு கைய இவரு ஒடச்சாரு, மிச்சமிருந்த கைய நீங்க வெட்டிட்டு இவர சாமியாக்கிட்டீங்க."

மணி

படத்தை நீக்கினேன். என்மேலேயே வந்த கோபத்தில், சடைச்சாமி என்று ஒரு ஆள் இருந்தாரா என்று நானே பார்க்கக் கிளம்பினேன். ஸ்டோரில் பழைய அண்டாக்களுக்குப் பின்னால் பச்சை படிந்த வெண்கல மணி கிடந்தது. ஈரத்துணியால் துடைத்தேன். 'தோட்டி சடையன் உபயம்' என்று வெட்டியிருந்தது. தோட்டி என்றால் அந்தக் காலத்தில் தொழிலாளர் குடியிருந்த லயத்துக் கக்கூஸ் வாளியைத் தலையில் சுமந்தவர்.

தோட்டத்தில் முன்பு கணக்கெழுதும் கிராணியாக இருந்தவரின் வீட்டில் பழைய செக்ரோல் புத்தகம், அதாவது ஆள்கணக்கு, இன்னும் இருந்தது. பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஒரே ஒரு சடையன். வேலை, தோட்டி. மணியில் எழுத்து வெட்டியவன் செக்ரோலைப் பார்த்திருக்க மாட்டான்; செக்ரோல் எழுதியவருக்கு மணியைப் பற்றிக் கவலையே கிடையாது. ஒன்றையொன்று அறியாத இரண்டு சாட்சிகள் ஒரே ஆளைச் சொன்னால், அவர் இருந்தார் என்று அடித்துச் சொல்லலாம். அவரைத்தான் பிறகு சடைச்சாமி என்றார்களா? இருக்கலாம், அதற்குமேல் சொல்ல முடியாது. புலியைப் பற்றி ஒன்றுமே சொல்ல முடியாது.

கோயில் தலைவரைக் கடைக்கு வரச்சொல்லி எல்லாவற்றையும் காட்டினேன். பீ வாளி சுமந்த சம்பளத்தில் கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்த மனிதர், இதைவிடப் பெரிய வரலாறு உங்களுக்கு எங்கே கிடைக்கும் என்றேன். உண்மையா பொய்யா என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "சாமியே இல்லன்னு சொல்லியிருந்தாகூட மன்னிச்சிருப்பேன்மா, தோட்டின்னு சொல்லிட்டியே."

கும்பாபிஷேகத்தன்று

சடையன் பெயர் இல்லாமல் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மலரை வேறு ஆள் போட்டார், பிறந்த தேதியோடும் நேரத்தோடும். விழாவுக்கு மட்டும் போனேன். வாசலில் மணி தங்கம் மாதிரி தொங்கியது. ஒரு நிமிடம் மனசு குளிர்ந்தது என்றுகூடச் சொல்வேன். கிட்டே போனேன். எழுத்து இருந்த இடம் வழவழவென்றிருந்தது. விரலால் தடவினேன், லேசாக ஒரு குழி, அவ்வளவுதான்.

கூட்டத்தில் குணாவைத் தேடிப் பிடித்து, யார் இதைச் செய்தது என்று கேட்டேன். அவர் முகத்தில் துளி குற்ற உணர்ச்சி இல்லை. பாராட்டப் போகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். "பழைய கிறுக்கலு இருந்துச்சுக்கா, கிரைண்டர் வெச்சு தேச்சு அழகாக்கிட்டோம்."

இல்லாத ஒருவர் கடல்மேல் நடந்ததை நிரூபிக்க நாற்பது பக்க மலர் தேவைப்படுகிறது, இருந்த ஒருவரை இல்லாமல் ஆக்க அரைமணி நேரக் கரண்டு போதும்.