வளைத்தபோதும் எரிந்தது

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்களில் ஆரணிக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். கணவருக்கு பஹ்ரைனில் வேலை. வெள்ளிக்கிழமைதான் போன் வரும். மாடியில் ஒற்றை அறை எடுத்திருந்தேன். கீழ்வீட்டில் தறி நின்றுவிட்டால் என் அறையில் சத்தமே இருக்காது.

பிஎச்.டி.க்கு நான் எடுத்துக்கொண்டது, கண்ணாடிக்குப் பதிலாக பிளாஸ்டிக் தாளில் விளக்கு செய்வது. வேகமாகச் சுழலும் தட்டில் தாளை ஒட்டி, ஒளிரும் பாலிமர் கரைசலைச் சில சொட்டு விடவேண்டும். கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மெலிதாகப் பரவும். பிறகு காயவைக்கும்போது சூடு கொஞ்சம் கூடினாலும் தாள் அப்பளம் போலச் சுருண்டுகொள்ளும். இதைப் பற்றிப் பேசக் கல்லூரியில் யாருமில்லை. "மேடம், இன்னும் அந்த பிளாஸ்டிக்கை வெச்சிகினுதான் இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

மின்சாரம் பாய்வதற்காகத் தாளின்மேல் உலோகம் படியவைக்கும் இயந்திரம் வேலூரில் ஓர் ஆய்வகத்தில் இருந்தது. ஈரம் படாமல் இறுக்கமான டப்பாவில் தாளை வைத்து, மடியில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் போவேன். ஒருநாள் கண்ணமங்கலத்தில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள், "இன்னாமா, டிபனா?" என்றாள்.

"லைட்டுங்க."

"எரியுமா?"

"இதுவரைக்கும் எரியல."

"அப்போ ஏன் இவ்ளோ பத்திரமா புடிச்சிகினு கீற?"

சிரித்துவிட்டேன். அந்த வாரத்தில் நான் சிரித்தது அப்போதுதான்.

அன்று மதியம் உலோகம் படிந்து முடிந்ததும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர் சாப்பிடப் போனார். ஜன்னலை மூடி, கம்பிகளை இணைத்து, மின்னழுத்தத்தை மெதுவாக ஏற்றினேன். நகம் அளவுக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒரு கட்டம் எரிந்தது. தாளின் ஓரத்தைப் பிடித்து வளைத்தேன். அப்போதும் எரிந்தது. திரும்பிப் பார்த்தேன், காலி நாற்காலிகள்தான். கணவருக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. அதற்குள் கரும்புள்ளிகள் தோன்றிப் பரவி, விளக்கு அணைந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை அவரிடம் சொன்னேன்.

"போட்டோ எடுத்தியா?"

"இல்லிங்க."

"அப்போ யாரு நம்புவாங்க?"

கேலியாகத்தான் கேட்டார். நான் வாடகை, சாப்பாடு என்று வேறு பேச்சுக்கு மாறினேன்.

பின்னர் காற்றுப் புகாமல் ஓரங்களை ஒட்டி மூடக் கற்றுக்கொண்டேன். விளக்குகள் நாள்கணக்கில் எரிந்தன. வாய்மொழித் தேர்வில் ஒன்றை வளைத்துக் காட்டியபோது எல்லோரும் கை தட்டினார்கள். பட்டம் கிடைத்தது. கணவரும் ஊரோடு வந்துவிட்டார். அந்த மதியத்தைப் பற்றி மட்டும் மறுபடி யாரிடமும் நான் பேசவில்லை.