இக்னேஷியஸுக்குக் குறைந்த ஒரு மணி நேரம்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஃபிட்டராயிருந்த இக்னேஷியஸுக்கு உட்கார்ந்தால் தொடை ஆடும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் ஒரு சனிக்கிழமை ஆடிய ஆட்டத்தில் அவன் விமானம் ஓட்டப் பழகிய ஃப்ளையிங் கிளப் பெஞ்சின் ஆணியே கழன்று விழுந்ததாம். ஆடாதா பின்னே? சம்பளத்துக்கு விமானம் ஓட்டும் பெரிய லைசென்ஸுக்கு மனுப்போடத் திங்களோடு கெடு. ஞாயிறு கிளப் கிடையாது. தன் பொறுப்பில் ஓட்டிய கணக்கில், அதாவது கமாண்ட் நேரத்தில், ஒரே ஒரு மணி குறைந்தது. பழகிய விமானமோ ரிப்பேர். புதியதைத் தனியே தொடுமுன் பயிற்சியாளர் ஜானகிராமனை அருகில் வைத்து ஓட்டிக்காட்ட வேண்டும்.

"ஓட்டப்போறது நான்தான சார்? அந்த மணிய எம்பேர்ல போட்டுடுங்க."

"நான் கைய வெக்காம எறக்கு. அப்பால பாக்கலாம்."

பூந்தமல்லி, செம்பரம்பாக்கம் ஏரி எல்லாம் சுற்றியாயிற்று. இறங்கும் நேரம், ஜானகிராமனின் கை திடீரென்று விமானத்தை ஏற்றி இறக்கும் ஸ்டிக் பக்கம் நீண்டது. பட்டறையில் மேஸ்திரி கை நீட்டினால் தொழிலாளி கையை எடுத்துவிட வேண்டும். பத்து வருஷப் பழக்கம், இக்னேஷியஸ் எடுத்துவிட்டான். விமானம் முட்டைமேல் உட்காரும் கோழிபோல் அலுங்காமல் அமர்ந்தது.

"பலே! பஞ்சு மேல வெச்சா மாதிரி கீது. மணி உன்னுதுதான்யா!" இருவரும் கீழே இறங்கியதும் பயிற்சியாளர் பேனாவைத் திறந்தார்.

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். முடியவில்லை.

"எறக்குனது நீங்கதானே சார்?"

"நானா? கீழ வுழுந்த பொடி டப்பாவத் தேடிகினு இருந்தேன்!"

இருவரும் திரும்பி விமானத்தைப் பார்த்தார்கள். அது சாதுவாக நின்றது.

ஜானகிராமன் லாக் புக்கில் கமாண்ட் கட்டத்தில் தன் பெயரையே எழுதினார்.

"இன்னா சார் அநியாயம், நீங்களும்தான் ஓட்டல!"

"ஓட்டலதான். ஒடஞ்சிருந்தா எவன் கழுத்தப் புடிச்சிருப்பாங்க? என் கழுத்த. அதனால மணியும் என்னுது. ஏறு, நீ எறக்கறத இன்னும் நான் பாக்கவேயில்ல."

மூன்று தரம் ஏறி, மூன்று தரம் இறக்கினான். கடைசித் தரம் ஸ்டிக்கைப் பிடித்த பிடியில் விரல் வெளுத்துப்போயிற்று. நாலரை மணிக்கு ஜானகிராமன் பெல்ட்டைக் கழற்றிக் கீழே குதித்தார்.

"பொழுது கீது. தனியாப் போ. பக்கத்துல ஆளே இல்லாதப்ப கமாண்டர் யாருன்னு எவன் கேப்பான்?"

போனான். ஆவடிக்கு மேலே ஓர் ஈ மூக்கில் வந்து உட்கார்ந்தது. அதை விரட்ட ஸ்டிக்கிலிருந்து கையை எடுக்கவேண்டுமே! எடுக்கவில்லை. ஒரு மணி நேரமும் அந்த ஈ, டிக்கெட் இல்லாத பயணியாக, இக்னேஷியஸின் பொறுப்பிலேயே பறந்தது.